எதுகையோடு வந்த தப்புகள்

‘ஒண்ணுமில்லீங்’ என்ற ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பல வருடம் பிழைத்தவள் நான். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அதைச் சொன்னால் போதும். ஆண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பெண்கள் பக்கத்தில் இருக்கிற ஆணை முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்புறம்தான் விளக்கம் சொல்வேன். “எங்க கோயமுத்தூர்ல மரியாதை கூடக் கூட ஆபத்துங். பொண்டாட்டி அந்த ‘ங்’கை ஒரு இழு இழுத்துட்டான்னா அன்னைக்குச் சோறு கெடைக்காது. புருசன் பொண்டாட்டிக்கு ‘ங்’ போட்டா என்னாகும்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுக்காரரு இதுவரைக்கும் எனக்குப் போட்டதில்லீங். நடந்தாச் சொல்றேன்.”

இந்த இடத்தில் கைதட்டு வராத நாளே கிடையாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். கிண்டலுக்கு இல்லை, பாவம், நிஜமான சந்தேகம்.

“அக்கா, ஒண்ணுமில்லைன்னு எதுக்குச் சொல்லணும்? என்ன இருக்குதுன்னுதான் அவருக்கே தெரிஞ்சிருக்குமே?”

அவள் காதில் துவரம்பருப்பு அளவுக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா காதிலும் இருந்தது. சுற்றிப் பார்த்தேன், எல்லார் காதிலும் இருந்தது.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ஜெரால்டு எனக்கு ஒரு காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ராம்நகரில் கீழே காபிக்கடை, மாடியில் நகைச்சுவை மேடை என்று நடத்துகிறவர். என்னை முதன்முதலில் மேடையேற்றியவரும் அவர்தான்.

“மூணாங்காது வந்தப்பறம் இப்படித்தான் வாணி. மனுசன் ஒண்ணு நெனச்சு ஒண்ணு பேசுவான். கேக்கறவன் வேறொண்ணாப் புரிஞ்சுக்குவான். அந்தச் சந்துலதானே நம்ம பொழப்பு ஓடுச்சு? இப்பச் சந்தை அடைச்சுட்டாங்க.”

“குரலை வெச்சே கண்டுபுடிச்சுருதாமா?”

“குரலு, இழுவை, மூச்சு, அந்தாளு முன்னாடி பேசுனது எல்லாத்தையும் சேத்துப் பாக்குது. பாத்துட்டு, இவரு மனசுல நெனச்சுச் சொன்னது இதுதான்னு காதுக்குள்ள சொல்லிருது. பொண்டாட்டி ஒண்ணுமில்லைன்னா, ‘நேத்து அவங்க தம்பி வந்தப்ப நீங்க செல்லுல இருந்து தலையே தூக்கல, அதான்’னு சொல்லுது. புருசன் உடனே மன்னிப்புக் கேட்டுக்கறான். முடிஞ்சுது. சண்டையுமில்ல, சிரிப்புமில்ல.”

முதலில் இந்தக் கருவி எங்கள் ஊரில் செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ங்’ வந்தாலே மரியாதை என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ‘வாங்கோ, வந்து நல்லாக் கொட்டிக்கோங்கோ’ என்று மனைவி சொன்னதை, ‘உங்களை உபசரிக்கிறார்’ என்று அது காதில் ஓத, நம்பி உட்கார்ந்த ஆண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு கம்பெனிக்காரர்கள் இரண்டு இன்ஜினியர்களைப் பீளமேட்டில் குடிவைத்து, நன்றாகத் திட்டு வாங்க வைத்து, அந்தக் கோளாறைச் சரிசெய்தார்கள்.

அதோடு தீர்ந்தது. மாமியார் மருமகள் சண்டை போடுகிற வீட்டை விளக்கு வைத்துத் தேடவேண்டியதாயிற்று. குடியிருப்புச் சங்கக் கூட்டங்கள் சீக்கிரமே முடிந்து எல்லாருக்கும் போண்டா சூடாகக் கிடைத்தது. நல்ல விஷயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் தொழிலுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அந்தச் சண்டைகளில்தான் இருந்தது. என்னோடு மேடையேறிய லோகு மனிதர்களை விட்டுவிட்டு நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நாய்க்கும் மூணாங்காது வந்ததும் காப்பீட்டு ஏஜென்டாகப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் மட்டும் அதை வாங்கவில்லை. “நம்ம வீட்டுக்குள்ள அது வேண்டாங். வந்துட்டா நான் என்னத்தப் பேசறது?” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சரி கண்ணு” என்றார். மகுடேஸ்வரன் என்று பெயர். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில், புது மோட்டாரையெல்லாம் ஓடவிட்டுச் சோதிக்கிற இடத்தில் வேலை. கல்யாணமான புதிதில் தலை சீவ ஒரு சீப்பு வாங்கி வரச் சொன்னேன். ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்து நின்றார். என் முதல் மேடையின் முதல் ஜோக்கு அதுதான். இப்படிப்பட்ட மனிதரைக் கருவி மாட்டிக் கெடுப்பதற்கு மனசு வருமா?

ஆனாலும் மேடை காலியாகத்தான் கிடந்தது. என்னுடைய பழைய ஜோக்குகளை ஜனங்கள் மியூசியத்தில் உலக்கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மாடியைத் தையல் வகுப்புக்கு விடப்போவதாக ஜெரால்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சே வராது. சாப்பிடுவேன், படுப்பேன். ஊரைச் சிரிக்க வைத்தவளுக்கு வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் அந்தச் செருப்பு நடந்தது.

ஒருநாள் வெளியே கிளம்புகிற அவசரத்தில், “பருப்பை ஊற வெச்சுருங்” என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால், குளியலறை வாளித் தண்ணீரில் என்னுடைய செருப்பு ஜோடி முங்கிக் கிடந்தது. சோப்புத்தூள் வேறு போட்டிருந்தார்.

“என்னங் இது?”

“நீதானே கண்ணு செருப்பை ஊற வெக்கச் சொன்ன? நேத்துச் சேத்துல மிதிச்சுட்டேன்னியே.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, விக்கல் வந்து, அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் சிரித்துக்கொண்டே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பை மேடையில் சொன்னேன். மாடியே அதிர்ந்தது. வீட்டில் தப்பு நடந்து பார்த்தே நாளாகிப்போன ஜனங்கள். பசித்தவர்கள் மாதிரி சிரித்தார்கள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று தவறாமல் வந்தது. “துணியைக் காய வெய்ங்” என்றேன். பெரிய அண்டாவில் தண்ணீரைக் காய வைத்துவிட்டு, யார் வீட்டில் பிரசவம் என்று கேட்டார். “உங்க மாத்திரையை எடுத்து வெச்சுக்கங்” என்றேன். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் பையில் மூன்று பாத்திரத்தை எடுத்து வைத்திருந்தார். கோயமுத்தூரில் மிச்சமிருக்கிற ஒரே சண்டைக்கார வீடு என்று ஜெரால்டு போஸ்டர் அடித்தார். நாற்காலி போதாமல் படியிலெல்லாம் உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவார். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அவர் சிரிப்பார். அதையும் நான் விடவில்லை. “எங்க வீட்டுக்காரருக்கு ஜோக்கு காதுல ஏறி மண்டைக்குப் போறதுக்கு ஒரு பஸ்ஸு புடிக்கோணுமுங்” என்பேன். அப்படியே பஸ் ஜோக்குக்குப் போவேன். காந்திபுரத்தில் பின்னால் டவுன் பஸ் ஹாரன் மேல் ஹாரன் அடித்து வருகிறது, இவர் ஸ்கூட்டரை ஒதுக்கவே இல்லை. “டிரைவரு எறங்கி வந்து, ஐயா, நீங்க எந்த ரூட்டுன்னு கேட்டாருங்!” என்பேன். அது பெரிய ஹிட்டு.

வீடு திரும்பும்போது, “எப்படிங் இருந்துச்சு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். “நல்லாருந்துச்சு கண்ணு” என்பார். ஒரே குரலில், ஒரே மாதிரி.

இப்படி ஒரு வருடம் போன பிறகு ஜெரால்டு ஒருநாள் தாடையைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தார்.

“வாணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரோட தப்பெல்லாம் எதுகையோட வருது. கவனிச்சீங்களா?”

“என்னது?”

“பருப்பு, செருப்பு. மாத்திரை, பாத்திரம். நெசமாத் தப்புப் பண்றவன் எதுகை பாத்தா பண்ணுவான்? யாரோ அவருக்கு எழுதிக் குடுக்கறாங்க. யாருன்னும் எனக்குத் தோணுது.” காதைத் தொட்டுக் காட்டினார். “எதைப் பண்ணுனா உங்களுக்குக் கோவம் வரும், எது மேடைக்கு ஆகும், எல்லாம் இது சொல்லும். கேட்டாப் போதும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொழில்காரி நான், இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் நடக்கிற வேடிக்கை நேர்கோட்டில் வராது. முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு கிடக்கும், நாங்கள்தான் வெட்டி ஒட்ட வேண்டும். இவருடையதோ வெட்டுகிற வேலையே வைக்காமல் வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் மூணாங்காதை மாட்டிக்கொண்டு, அது சொல்லிக்கொடுக்கிற கோமாளித்தனத்தைச் செய்து, அத்தனையும் என்னுடைய திறமை என்று என்னை நம்ப வைத்திருக்கிறார். பிரியத்தில்தான் செய்திருப்பார். ஆனால் பிரியத்தில் போட்டாலும் பிச்சை பிச்சைதானே?

“உங்ககிட்ட உபரியா ஒண்ணு இருக்குமே, குடுங். ஒருநாள் போட்டுட்டுத் தர்றேன்” என்றேன். என் வீட்டுக்காரர் என்ன மறைக்கிறார் என்று அந்தக் கருவியே சொல்லட்டும்.

ஜெரால்டு எடுத்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். “பாத்துப் போயிட்டு வாங்க வாணி” என்றார். ‘கருவியைத் தொலைத்துவிடுவீர்களோ என்று பயப்படுகிறார்’ என்றது காதுக்குள் ஒரு சாதுவான குரல்.

வீட்டுக்குப் போனபோது அவர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா கண்ணு. காபி போடட்டா?”

‘காபி போட்டுத் தர விரும்புகிறார்’ என்றது குரல்.

“வேண்டாங்.”

“மூஞ்சி வாடிக் கெடக்குது. பசிக்குதா?”

‘உங்கள் முகம் வாடியிருப்பதாக நினைக்கிறார். உங்களுக்குப் பசிக்கிறதா என்று அறிய விரும்புகிறார்.’

எரிச்சலாக வந்தது. ஊரில் அத்தனை பேர் பேச்சுக்கும் அடியில் ஒரு பாதாளம் தோண்டுகிற கருவி, இவரிடம் தோண்டினால் மேலே இருக்கிற அதே மண்தான் அடியிலும் இருந்தது. அவர் மறுபடி பூண்டுக்குக் குனிந்துகொண்டார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கஷ்டமான கேள்வி, அதனால் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

“ஏனுங், எங்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா?”

அவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். “மழைங்கறியா? அட, இரு, துணியெல்லாம் கெடக்குது.” பூண்டைப் போட்டுவிட்டு மொட்டைமாடிப் படியில் ஏறிவிட்டார்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறைக்கறது, மழைங்கறது. எதுகை தப்பினாலும் மோனை தப்பவில்லை. கேள்வியிலிருந்து நழுவுகிறார் என்று கருவி சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன்.

‘உள்ளர்த்தம் ஏதுமில்லை. நீங்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை.’

“அதைச் சொல்ல ஒரு மிசினா? கட்டுன நாள்ல இருந்து நான் சொல்றத எப்பக் கேட்டாரு!” என்று வாய்விட்டே கத்தினேன்.

கருவி சற்று யோசித்தது. பிறகு, பாடத்தைத் திருத்திக்கொள்கிற பிள்ளை மாதிரி நிதானமாகச் சொன்னது. ‘கேட்க மறுக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.’

அவர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘க்கு’. அந்த ‘க்கு’வைக் கவனிக்காமல் ஒரு வருடமாக நான் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்கு ஓடினேன். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. நல்ல சாயங்கால வெயிலில் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். சுருதி சேராமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

“ஏனுங்.”

திரும்பவில்லை.

“ஏனுங், நான் மூணாங்காது மாட்டியிருக்கறனுங். பேச்சு மாறிட்டனுங்.”

ஒரு துண்டை உதறி மடித்தார். “உங்க காதை வித்துக் கைதட்டு வாங்கியிருக்கறனுங்” என்று முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவர் என் புடவையின் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். பதறிப்போனார். “என்னாச்சு கண்ணு? ஏன் அழுகற?” பிறகு என் காதைப் பார்த்தார். துணிகளை மெதுவாகக் கைப்பிடிச்சுவரில் வைத்தார்.

“கண்டுபுடிச்சுட்டியா?” என்றார்.

“எப்ப இருந்துங்?”

பதில் சொல்லும் முன் அவர் கண் என் உதட்டிலேயே இருந்ததைக் கவனித்தேன். நான் பேசினால் எப்போதும் என் வாயைத்தான் பார்ப்பார். “நீங்க என் வாயவே பாக்கறதக் காதல்னு நெனச்சுட்டு இருந்தனுங்” என்றேன்.

“அதுவுந்தான்” என்றார். “போன சித்திரையில கம்பெனில டெஸ்ட்டு எடுத்தாங்க. நாள் பூராம் மோட்டாரு சத்தத்துல நிக்கறவங்களுக்கெல்லாம் வர்றதுதான். ரெண்டு காதுக்கும் மிசின் மாட்டோணும்னாங்க. மாட்டிக்கலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலந்தான் அந்தச் செருப்பு.”

“செருப்புக்கும் இதுக்கும் என்னங்?”

“நீ சிரிச்சியே கண்ணு. செவுத்தப் புடிச்சுட்டு, தரையில உக்காந்து. எத்தனை நாளாச்சு நீ சிரிச்சு. ஒரு பேச்சில்ல, ஒண்ணுமில்ல, பாக்கவே சகிக்கலை. என் காதாலதான் நீ சிரிக்கறீன்னா, இன்னுங் கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்பறம் உம் மேடையும் நெறஞ்சுது.”

காதுக்குள் கருவி எதுவுமே சொல்லவில்லை. சொல்வதற்கு மிச்சம் எதையும் அவர் வைக்கவில்லை.

அழுகையைத் தாண்டிக் கோபம் வந்தது. “காந்திபுரத்துல அந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சுதே, அதும் கேக்கலீங்களா?”

“எந்த பஸ்ஸு?”

“வாராவாரம் மேடையில சொல்றனே, அந்த பஸ் ஜோக்கு!”

“எந்த ஜோக்கு?” என்றார் அப்பாவியாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அப்ப மொத வரிசையில உக்காந்து சிரிச்சதெல்லாம்?”

“எல்லாரும் சிரிக்கறப்ப நானும் சிரிப்பேன். அந்த வெளிச்சத்துல உன் வாய மைக்கு மறைச்சுக்கும்.”

“நான் என்ன சொன்னேன்னே தெரியாமயா?”

“நீ சொன்னா நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

எனக்கு அந்த பஸ்தான் கண்ணில் நின்றது. ஒரு வருடமாக அந்த மனிதர் காது கேட்காமல் அவினாசி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறார். நான் அதற்கு மைக் பிடித்திருக்கிறேன். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். “அப்ப உன் மேடை?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். “மேடை போனா மாவரைச்சுப் பொழைச்சுக்கறனுங். வாய மூடிட்டு வாங்” என்றேன்.

இரண்டு காதுக்கும் காது கேட்கும் கருவி வந்தது. ஒரு வாரம் அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இந்த ஃபிரிஜ்ஜு இப்படியா கத்தும்? உன் கொலுசு இன்னும் சத்தம் வருதா!” என்று குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டார். பருப்பு என்றால் பருப்பு ஊறியது. துணி என்றால் துணி காய்ந்தது. வீட்டில் தப்பே நடக்கவில்லை. ஜெரால்டிடம் மூணாங்காதைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் தையல் வகுப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல், “இந்த ஞாயிறு வந்து உங்களுக்குத் தோணுறதப் பேசுங்க” என்றார்.

போனேன். எனக்கு வேறென்ன தெரியும்? உள்ளதைச் சொன்னேன். செருப்பில் ஆரம்பித்தேன். அண்டாவையும் பாத்திரத்தையும் வரிசையாகச் சொல்லி, நடுவில் அந்த ‘க்கு’வை வைத்தேன். பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. “பாத்தீங்களா, கம்பெனியில டெஸ்ட்டு எடுத்துக் கண்டுபுடிச்சதை, கட்டுன பொண்டாட்டி ஒரு வருசமாக் கைதட்டு வாங்கிட்டுக் கண்டுபுடிக்கலீங்” என்றேன். முதலில் ஒரு பெண்தான் சிரித்தாள், அழுகையோடு. பிறகு மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. நிகழ்ச்சி முடிந்ததும், முன்பு சந்தேகம் கேட்ட அந்தக் கல்லூரிப் பெண் என்னிடம் வந்தாள்.

“அக்கா, மூணாங்காது இல்லைன்னா இது தெரிஞ்சே இருக்காதில்ல?”

“தெரிஞ்சிருக்காது சாமி. நல்ல பண்டந்தான்” என்றேன். அதில் பொய் இல்லை. அவள் போகும்போது தன் அம்மாவைப் பின்னாலிருந்து மெதுவாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்ததைக் கவனித்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்றைக்கு ‘க்கு’ கதையைச் சொல்லி முடித்தபோது மேடையில் பாதி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்ததால், பழைய சரக்கையும் எடுத்துவிட்டிருந்தேன். பஸ் ஜோக்கு, அவர் குறட்டையைத் தண்ணீர் ஏறாத மோட்டாரோடு ஒப்பிட்டது, தம்பி கல்யாணத்தில் அவர் ஆடிய ஆட்டம், என் மாமியார் வைத்த ரசம், அவருடைய தொப்பை. முன்வரிசையில் அவர் முதன்முறையாக எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. கொஞ்ச நேரத்தில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். ரசத்துக்கு வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு மிக உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் திடுக்கிட்டு ஓரமாக ஒதுங்கி ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றோம். சுற்றிலும் ஆட்டோவும் பஸ்ஸும் இரைந்துகொண்டிருந்தன. வேண்டுமென்றே குரலை நன்றாகத் தணித்து, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

“எப்படிங் இருந்துச்சு?”

கேட்டுவிட்டது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது.

“ஒண்ணுமில்லீங்” என்றார்.

நடந்தால் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நடந்துவிட்டது.